கப்பல் சுற்றுலாவுக்குப் பயணக் காப்பீடு தேவையா? எந்தப் பயணத்துக்கு அவசியம், எதற்கு வீண் செலவு

மும்பை: சொகுசுக் கப்பல் சுற்றுலா இந்தியாவில் இன்று செல்வந்தர்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. மும்பையிலிருந்து கோவா, கொச்சி, லட்சத்தீவு ஆகிய இடங்களுக்கு இரண்டு முதல் ஐந்து இரவுப் பயணங்கள் இயக்கப்படுகின்றன. சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கான சேவை 2023 ஜூனில் தொடங்கியது. 2029-ஆம் ஆண்டுக்குள் கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை இருமடங்காக்கும் இலக்குடன் மத்திய அரசு 2024 செப்டம்பர் 30 அன்று 'குரூஸ் பாரத் மிஷன்' திட்டத்தை மும்பையில் தொடங்கி வைத்தது. சிங்கப்பூர், துபாய், பார்சிலோனா போன்ற நகரங்களுக்கு விமானத்தில் சென்று அங்கிருந்து கப்பல் ஏறும் இந்தியக் குடும்பங்களும் உள்ளன.

முன்பதிவின் கடைசிப் பக்கத்தில், பணம் செலுத்துவதற்குச் சற்று முன், 'பயணக் காப்பீடு சேர்க்கவா?' என்ற கேள்வி எழும். பலர் யோசிக்காமல் சேர்த்துவிடுகின்றனர். பலர் யோசிக்காமல் நீக்கிவிடுகின்றனர். ஒரே பதில் எல்லாப் பயணங்களுக்கும் பொருந்தாது என்பதால் இரண்டுமே தவறாக முடியலாம்.

இணையதளங்கள் காப்பீட்டைத் தாமாகவே தேர்வு செய்து வைத்திருக்கக் கூடாது என்று இந்திய காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் (ஐஆர்டிஏஐ) 2019-இலேயே அறிவுறுத்தியுள்ளது. நுகர்வோரின் ஒப்புதலின்றிக் கட்டணப் பட்டியலில் கூடுதல் சேவையைச் சேர்ப்பது, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் ஏமாற்று வடிவமைப்பாக வரையறுக்கப்பட்டுள்ளது. ஆகவே கட்டத்தில் ஏற்கெனவே குறி இடப்பட்டிருந்தால் முதலில் அதை நீக்கிவிட்டு, பிறகு நிதானமாக முடிவெடுப்பதே முறை.

கப்பல் பயணம் ஏன் வேறுபட்டது?

ரயிலிலோ சாலையிலோ செல்பவருக்கு நெஞ்சுவலி வந்தால் அடுத்த ஊரில் இறங்கி மருத்துவமனைக்குச் செல்லலாம். கப்பலில் அடுத்த ஊர் என்பது பல மணி நேரம், சில வேளைகளில் ஒன்றிரண்டு நாள் தொலைவில் இருக்கும். பெரிய கப்பல்களில் மருத்துவரும் செவிலியரும் உள்ள சிறு சிகிச்சை மையம் உண்டு. அங்கு காய்ச்சல், வாந்தி, சிறு காயங்களுக்கு மருத்துவம் கிடைக்கும். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் நோயாளியின் நிலையைத் தாக்குப்பிடிக்கச் செய்து, கரைக்கு மாற்றும் வரை பார்த்துக்கொள்வதே அதன் பணி. அறுவை சிகிச்சைக்கோ ஆஞ்சியோபிளாஸ்டிக்கோ அது இடமல்ல.

இந்தச் சிகிச்சை பெரும்பாலும் இலவசமும் அல்ல. தனியார் மருத்துவமனைக் கட்டணம் போன்று அது பயணியின் கப்பல் கணக்கில் ஏற்றப்படும். இறங்கும்போது கடன் அட்டை மூலம் வசூலிக்கப்படும். வெளிநாட்டு நிறுவனத்தின் கப்பலாக இருந்தால் கட்டணம் டாலரிலோ யூரோவிலோ இருக்கும். காப்பீட்டு நிறுவனங்களின் 'ரொக்கமில்லா சிகிச்சை' வசதி நடுக்கடலில் பொதுவாகச் செயல்படாது. முதலில் பயணியே பணம் செலுத்தி, பிறகு ரசீதுகளுடன் திரும்பக் கோர வேண்டியிருக்கும். காப்பீடு எடுத்தவரும் கடன் அட்டையில் போதிய வரம்பு வைத்திருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

'எங்களிடம் ஏற்கெனவே குடும்ப சுகாதாரக் காப்பீடு உள்ளதே' என்பது அடுத்த கேள்வி. இந்தியாவில் விற்கப்படும் வழக்கமான சுகாதாரக் காப்பீடுகளில் பெரும்பாலானவை இந்திய எல்லைக்குள் பெறும் சிகிச்சைக்கு மட்டுமே பொருந்தும். கொழும்பிலோ சிங்கப்பூரிலோ மருத்துவமனையில் சேர்ந்தால் அவற்றால் பயனில்லை. உள்நாட்டுப் பயணத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. காப்பீட்டு விதிகளில் 'மருத்துவமனை' என்ற சொல்லுக்குத் தனி வரையறை இருக்கிறது. உரிய சட்டத்தின்கீழ் மருத்துவமனையாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். இல்லையெனில், 10 லட்சத்துக்கும் குறைவான மக்கள் தொகை கொண்ட ஊர்களில் குறைந்தது 10 படுக்கைகள், மற்ற இடங்களில் 15 படுக்கைகள், முழு வசதியுள்ள அறுவை சிகிச்சைக் கூடம், இரவு பகலாக மருத்துவரும் செவிலியரும் இருக்க வேண்டும். கப்பலின் சிகிச்சை மையம் இந்த வரையறைக்குள் வருவது கடினம். பல பாலிசிகள் 24 மணி நேர உள்நோயாளி அனுமதியையும் கேட்கின்றன. எனவே மும்பை - கோவா கப்பலில் ஓர் இரவு குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டதற்கான ரசீதை வீட்டுச் சுகாதாரக் காப்பீட்டில் கொடுத்தால் நிராகரிக்கப்பட வாய்ப்பு அதிகம். அதே பயணி கோவாவில் இறக்கப்பட்டு அங்குள்ள மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால் அச்செலவு காப்பீட்டுக்குள் வரும்.

கடலிலிருந்து கரைக்கு

கப்பல் பயணத்தில் உண்மையான பெருஞ்செலவு, நோயாளியைக் கரைக்கும், பின்னர் தாய்நாட்டுக்கும் கொண்டு சேர்ப்பதில்தான் உள்ளது. இந்தியக் கடற்பகுதியில் உயிருக்கு ஆபத்தான நிலை ஏற்பட்டால் கப்பல் தலைவர் கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடர்பு கொள்வார். 1554 என்ற கட்டணமில்லா எண் இதற்காகவே உள்ளது. வணிகக் கப்பல்களிலிருந்தும் மீன்பிடிப் படகுகளிலிருந்தும் நோயாளிகளைப் படகிலோ ஹெலிகாப்டரிலோ மீட்டுவரும் பணியைக் கடலோரக் காவல்படை தொடர்ந்து செய்து வருகிறது. ஆனால் அந்த மீட்பு பக்கத்துத் துறைமுகத்தோடு முடிந்துவிடும். அங்கிருந்து பெருநகர மருத்துவமனைக்கோ, வெளிநாடாயின் இந்தியாவுக்கோ மருத்துவக் குழுவுடன் ஏர் ஆம்புலன்ஸில் கொண்டுவருவது குடும்பத்தின் பொறுப்பு. தொலைவைப் பொறுத்து இதற்கு லட்சக்கணக்கில் செலவாகும்; கண்டம் விட்டுக் கண்டம் என்றால் நடுத்தரக் குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு கரைந்துவிடும். மரணம் நேரிட்டால் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் இதே வகையைச் சேர்ந்தது. பேசத் தயங்கும் விஷயமானாலும், வயது முதிர்ந்த பெற்றோரை அழைத்துச் செல்வோர் பாலிசியில் முதலில் தேட வேண்டிய வரி இதுவே.

கப்பலே ஆபத்தில் சிக்குவது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. 2019 மார்ச் 23 அன்று நார்வே கடற்கரைக்கு அருகே புயலில் இயந்திரங்கள் நின்றுபோன 'வைக்கிங் ஸ்கை' கப்பலில் 1,373 பேர் இருந்தனர். அவர்களில் 479 பேர் ஒவ்வொருவராக ஹெலிகாப்டரில் தூக்கி மீட்கப்பட்டனர். 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பல் கொரோனா தொற்றால் தனிமைப்படுத்தப்பட்டபோது அதில் இருந்த 3,711 பேரில் 138 பேர் இந்தியர்கள். அவர்களில் பயணிகள் 6 பேர். மற்றவர்கள் கப்பல் பணியாளர்கள். 119 இந்தியர்கள் அம்மாத இறுதியில் ஏர் இந்தியா விமானத்தில் அழைத்து வரப்பட்டனர். 2022 ஜனவரியில் மும்பையிலிருந்து கோவா சென்ற சொகுசுக் கப்பலில் 66 பேருக்குத் தொற்று உறுதியானதும், புத்தாண்டு உல்லாசம் தனிமைப்படுத்தலில் முடிந்தது.

இத்தகைய தாமதங்களில் பாலிசியின் காலக்கெடு முக்கியமாகிறது. ஏழு நாள் பயணத்துக்கு ஏழு நாள் பாலிசி எடுத்தவர் ஒன்பதாம் நாள் வரை கப்பலில் சிக்கியிருந்தால், காலம் தானாக நீட்டிக்கப்படுமா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும். ஓரிரு நாள் கூடுதலாகச் சேர்த்து எடுப்பதால் பிரீமியம் பெரிதாக உயர்வதில்லை.

பயணத்தை ரத்து செய்தால்

பெரும்பாலான பயணிகள் காப்பீடு என்றதும் நினைப்பது இதைத்தான். கப்பல் நிறுவனங்களின் ரத்துக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. புறப்பாட்டுக்கு இரண்டு, மூன்று மாதங்களுக்கு முன் ரத்து செய்தால் முன்பணம் மட்டும் போகும். நாள் நெருங்க நெருங்கப் பிடித்தம் அதிகரித்து, கடைசி நாள்களில் முழுத் தொகையும் போய்விடும்.

ஆனால் ரத்துக்கான காப்பீடு, மனம் மாறியதற்கோ அலுவலகத்தில் விடுப்பு கிடைக்காததற்கோ பணம் தராது. பயணியின் அல்லது நெருங்கிய குடும்பத்தினரின் மரணம், கடும் நோய், விபத்து, இயற்கைப் பேரிடர் எனப் பாலிசியில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட காரணங்களுக்கு மட்டுமே அது செல்லும். 'நெருங்கிய குடும்பத்தினர்' பட்டியலில் மாமனார், மாமியார் இருக்கிறார்களா, பாட்டி, தாத்தா இருக்கிறார்களா என்று பார்ப்பது நம் குடும்ப அமைப்பில் தேவையான வேலை. விசா மறுக்கப்படுவது பல பாலிசிகளில் சேர்க்கப்படுவதில்லை. சிலவற்றில் கூடுதல் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. காரணம் கேட்காமல் பகுதித் தொகையைத் திருப்பித் தரும் பாலிசிகள் அமெரிக்காவில் பரவலாக உள்ளன. அங்கும் அவை வழக்கமான பாலிசிகளைவிட விலை கூடியவை.

புயல் தொடர்பாக ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. வங்கக் கடலிலோ அரபிக் கடலிலோ புயல் உருவாகி வானிலை ஆய்வு மையம் எச்சரிக்கை விடுத்த பிறகு அவசரமாகக் காப்பீடு எடுப்பதால் பயனில்லை. எடுக்கும்போதே தெரிந்த ஆபத்தைக் காப்பீடு ஏற்காது. எனவே ரத்துக் காப்பீடு வேண்டுமென்றால் முன்பதிவு செய்த சில நாள்களுக்குள் எடுப்பதே பொருளுள்ளது. கிளம்பும் நாளில் எடுத்தால் மருத்துவப் பகுதி மட்டுமே உதவும்.

துறைமுகம் தவறினால்

கப்பல் ஒரு துறைமுகத்துக்குச் செல்லாமல் போனால் இழப்பீடு கிடைக்கும் என்றும் பலர் நம்புகின்றனர். பயண ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில், வானிலை, பாதுகாப்பு, நிர்வாகக் காரணங்களுக்காக வழித்தடத்தை மாற்றும் உரிமையைக் கப்பல் நிறுவனம் தன்னிடமே வைத்திருக்கும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட சொகுசுக் கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்காமல் போனது நினைவிருக்கலாம். இப்படிப்பட்ட மாற்றங்களில் துறைமுகக் கட்டணம் மட்டும் திருப்பித் தரப்படுவது வழக்கம். துறைமுகம் தவறியதற்கென்று தனித் தொகை தரும் காப்பீடுகள் சில உண்டு; அத்தொகை சிறியது. இதற்காக மட்டும் காப்பீடு எடுப்பது பணத்துக்கு ஏற்ற பலன் அல்ல.

கப்பல் வந்து, பயணி வராமல் போவது வேறு கதை. 2024 மார்ச் 27 அன்று ஆப்பிரிக்கத் தீவான சாவோ டோமேயில் தனியார் சுற்றுலாவுக்குச் சென்று தாமதமாகத் திரும்பிய 8 பயணிகளை விட்டுவிட்டு ஒரு சொகுசுக் கப்பல் புறப்பட்டது. கண்ணுக்கு எட்டிய தொலைவில் கப்பல் நின்றும் அவர்களால் ஏற முடியவில்லை. பல நாடுகளைக் கடந்து, சொந்தச் செலவில் செனகல் வரை சென்றே அவர்கள் மீண்டும் கப்பலைப் பிடித்தனர். பயணியின் கவனக்குறைவால் கப்பலைத் தவறவிட்டால் காப்பீடு பொதுவாக உதவாது. இணைப்பு விமானம் தாமதமானதால் கப்பலைத் தவறவிட்டால் உதவக்கூடும். அதற்கும் குறைந்தபட்சத் தாமத நேரம், இரு பயணங்களுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி என நிபந்தனைகள் உண்டு. புறப்பாட்டுக்கு முந்தைய நாளே துறைமுக நகரை அடைந்து ஓர் இரவு விடுதியில் தங்குவது எந்தப் பாலிசியையும்விட நம்பகமானது.

எல்லையும் விசாவும்

இந்தியாவில் விற்கப்படும் வெளிநாட்டுப் பயணக் காப்பீடுகள் நிலப்பகுதியின் அடிப்படையில் பிரிக்கப்படுகின்றன. ஆசியா, ஷெங்கன் நாடுகள், அமெரிக்கா - கனடா நீங்கலான உலகம், அவையும் சேர்ந்த உலகம் என வகைகள் உண்டு. சில 'ஆசியா' பாலிசிகளில் ஜப்பான் இடம்பெறாது. கப்பல் எந்தெந்தத் துறைமுகங்களைத் தொடுகிறது என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் பாலிசியின் எல்லைக்குள் வருகிறதா என்று பார்ப்பது கப்பல் பயணிக்கு மட்டுமே உள்ள கூடுதல் வேலை. அலாஸ்கா செல்லும் கப்பல்களில் பல கனடா துறைமுகங்களைத் தொடுபவை. வாரணாசியிலிருந்து திப்ரூகர் வரை 3,200 கி.மீ. செல்லும் 'கங்கா விலாஸ்' நதிக் கப்பல்கூட வங்கதேசம் வழியாகவே செல்கிறது. உள்நாட்டுப் பயணம்போலத் தோன்றினாலும் இடையில் வெளிநாடு வந்துவிடுகிறது.

மத்தியதரைக் கடல் பயணத்தில் தேர்வுக்கே பெரிதாக இடமில்லை. ஷெங்கன் விசா விண்ணப்பத்துக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஆனால் அது விசாவுக்கான குறைந்தபட்ச வரம்பே தவிர, கப்பல் பயணத்துக்குப் போதுமான தொகை என்று பொருளல்ல. இத்தாலியில் புறப்பட்டு துருக்கி சென்று கிரீஸ் திரும்பும் கப்பலில், ஷெங்கன் நாடுகளுக்கு மட்டுமான பாலிசி துருக்கியில் கைகொடுக்காது.

நோயை மறைக்காதீர்கள்

கப்பல் பயணத்தை விரும்புவோரில் மூத்த குடிமக்கள் கணிசமாக உள்ளனர். அவர்களுக்கே பிரீமியம் அதிகம். அவர்களுடைய கோரிக்கைகளே அதிகம் சர்ச்சைக்குள்ளாகின்றன. முன்பே உள்ள நோய்களைப் பல பயணப் பாலிசிகள் விலக்குகின்றன, அல்லது உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில் மட்டும் ஒரு வரம்புக்குள் ஏற்கின்றன. பிரீமியம் கூடும் என்று அஞ்சிச் சர்க்கரை நோயையோ ரத்த அழுத்தத்தையோ படிவத்தில் எழுதாமல் விடுவது மிகப் பெரிய தவறு.

இது தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பர் 6 அன்று வழங்கிய தீர்ப்பு பயணிகள் அறிய வேண்டியது. வெளிநாட்டுப் பயண மருத்துவக் காப்பீடு எடுத்து அமெரிக்கா சென்ற ஒரு பயணிக்கு சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தை அடைந்ததும் உடல்நலம் குன்றியது. மருத்துவமனையில் அவருக்கு மூன்று ஸ்டென்ட்கள் பொருத்தப்பட்டன. கொழுப்புக் குறைப்பு மாத்திரை உட்கொண்டதைத் தெரிவிக்கவில்லை எனக் காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை நிராகரித்தது. ஆனால் தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதை அவர் விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டிருந்தார். உடல்நிலையை அறிந்து, மதிப்பிட்டு பாலிசி வழங்கிய பிறகு அதையே காரணம் காட்டி நிறுவனம் மறுக்க முடியாது என்று நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், பி.வி. நாகரத்னா அமர்வு கூறி, பயணிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவர் வென்றதற்கு அடிப்படை, நோயை எழுத்தில் தெரிவித்திருந்ததே.

கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை, பயணத்தின்போது 24-ஆவது வாரத்தை எட்டுவோரைப் பல கப்பல் நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. கர்ப்பம் சார்ந்த சிகிச்சையும் வழக்கமான பயணப் பாலிசிகளில் பெரும்பாலும் சேராது.

யாருக்குத் தேவை?

ஒரு கணக்கைப் பார்க்கலாம். நால்வர் கொண்ட இளம் குடும்பம் ஒன்று 1 லட்சம் ரூபாய் செலவில் மும்பையிலிருந்து கோவா சென்று திரும்புகிறது. அனைவரும் ஆரோக்கியமானவர்கள், இந்திய சுகாதாரக் காப்பீடு உள்ளது. பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தால் அதிகபட்ச இழப்பு அந்த 1 லட்சம்தான். அது வருத்தம் தரும், குடும்பத்தைக் கவிழ்க்காது. இவர்களுக்குக் காப்பீடு கட்டாயமல்ல. சில நூறு ரூபாய்க்குள் மருத்துவப் பகுதியுடன் கிடைத்தால் எடுக்கலாம். பெட்டி தொலைந்தால் இழப்பீடு, தாமதத்துக்கு உணவுப்படி போன்ற சில்லறைச் சலுகைகளுக்காக ஆயிரக்கணக்கில் செலுத்தத் தேவையில்லை. ரயில் முன்பதிவில் 45 பைசாவுக்குக் கிடைக்கும் விபத்துக் காப்பீட்டை வைத்து எல்லாப் பயணக் காப்பீடும் மலிவானது என்று எண்ணுவதும் சரியல்ல. இரண்டும் வேறு வேறு சரக்குகள்.

அதே குடும்பத்தின் 68 வயதுத் தந்தையும் 64 வயதுத் தாயும் பார்சிலோனாவில் கப்பல் ஏறுகிறார்கள் என்றால் நிலைமை தலைகீழ். அங்கு இழப்பு டிக்கெட் பணத்தோடு நிற்காது. வெளிநாட்டு மருத்துவமனையில் ஒரு வாரம், திரும்பி வர மருத்துவ உதவியுடன் விமானம் எனப் போனால் மேல்வரம்பே தெரியாது. இங்கு பிரீமியத்தை மிச்சப்படுத்துவது சிக்கனம் அல்ல. ரத்து, பெட்டி ஆகியவற்றுக்கான தொகையைக் குறைத்துக்கொண்டாலும், மருத்துவம், அவசர வெளியேற்றம், உடல் கொணர்தல் ஆகிய மூன்றுக்கும் பெரிய தொகை உள்ள பாலிசியை எடுப்பதே தகும். இலங்கை செல்லும் குறுகிய பயணத்திலும், தொலைவு குறைவு என்றாலும், கரையில் இறங்கியதும் அது வெளிநாடு என்பதால் மருத்துவப் பகுதி தேவைப்படுகிறது.

கடன் அட்டையுடன் இலவசமாகக் கிடைக்கும் பயணக் காப்பீடு போதும் என்று நினைப்பவர்கள் அதன் விதிகளை ஒருமுறை படிக்க வேண்டும். பல அட்டைகளில் அது விமான விபத்து மரணத்துக்கு மட்டுமே உரியது. கப்பல் என்ற சொல்லே அதில் இருக்காது. பாலிசி ஆவணத்திலும் 'குரூஸ்' விலக்கப்பட்டுள்ளதா, கூடுதல் பிரிவாகத் தனியே வாங்க வேண்டுமா என்று தேடுவது நல்லது. வெளிநாட்டுப் பயணப் பாலிசியைப் பொதுவாக இந்தியாவை விட்டுப் புறப்படும் முன்பே எடுத்தாக வேண்டும். ஸ்கூபா டைவிங், பாராசெயிலிங் போன்ற துறைமுக விளையாட்டுகளும் பல பாலிசிகளில் விலக்கப்பட்டவை.

கோரிக்கை மறுக்கப்பட்டால்

கப்பலில் சிகிச்சை பெற்றால் இறங்கும் முன்பே மருத்துவரின் அறிக்கை, இனவாரியான ரசீது, கப்பல் கணக்கின் இறுதிப் பட்டியல் ஆகிய மூன்றையும் கையோடு வாங்கிவிட வேண்டும். கரைக்கு வந்த பிறகு வேறொரு கடலில் இருக்கும் கப்பலிடமிருந்து காகிதம் பெறுவது எளிதல்ல. காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண்ணுக்கு உடனே தகவல் தெரிவிப்பதும் நிபந்தனைகளில் ஒன்று. நடுக்கடலில் கைபேசி இணைப்பு இல்லாவிடில், கப்பலின் இணைய வசதி மூலம் அனுப்பிய மின்னஞ்சலின் நகல் பின்னர் சான்றாகும். வெளியேற்றம் தேவைப்பட்டால், இயன்றவரை நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற்றே ஏர் ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்ய வேண்டும். உறவினர்கள் தாமாக ஏற்பாடு செய்த விமானத்துக்குப் பணம் தர மறுக்க அது காரணமாகிவிடும்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் எழுத்துப்பூர்வமாக முறையிட வேண்டும். ஐஆர்டிஏஐ-யின் 'பீமா பரோசா' தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி அளிக்காவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, கொச்சி உள்படப் பல நகரங்களில் இந்த அலுவலகங்கள் உள்ளன. கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர்கள் விசாரிக்கலாம். நிறுவனத்தின் இறுதி மறுப்புக் கிடைத்த ஓராண்டுக்குள் புகார் சென்று சேர வேண்டும்.